ஒரு தொடரோடு முடிந்துவிடும் மாற்றமல்ல

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண்களின் சித்திரிப்பு 2012-இல் கெர்ரி வாஷிங்டன் நாயகியாக நடித்த ‘ஸ்கேண்டல்’ தொடரோடு மாறிவிட்டது என்று, இதைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறும் முடிவை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பணிப்பெண் வேடங்களே வழக்கமாக இருந்த காலத்தில், 1968-லேயே ‘ஜூலியா’வில் டயான் கரோல் செவிலியராக, தனித்து மகனை வளர்க்கும் தாயாக நடித்தார். 1974-இல் ‘கெட் கிறிஸ்டி லவ்’ தொடரின் நாயகியாக டெரீசா கிரேவ்ஸ் வந்தார். அதன்பின் கெர்ரி வாஷிங்டன் வரும்வரை, நாடகத் தொடர்களில் கறுப்பின நாயகிகள் அரிதாகவே இருந்த அந்த நீண்ட இடைவெளியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

வயோலா டேவிஸ் 2015-இல், நாடகத் தொடரின் சிறந்த நாயகிக்கான, அமெரிக்கத் தொலைக்காட்சியின் உயரிய விருதான எம்மியைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார் என்பதைக் கட்டுரை சரியாகவே குறிப்பிடுகிறது. ஆயினும், ‘ஹவ் டு கெட் அவே வித் மர்டர்’ தொடரில் அவர் கண்ணாடி முன் அமர்ந்து பொய்முடியையும் ஒப்பனையையும் ஒவ்வொன்றாகக் களையும் காட்சியே அந்த விருதைவிடப் பெரியது என்று கருதுகிறேன். எதையும் தாங்கும் இரும்புப் பெண் என்ற வார்ப்பு, பாராட்டுப் போலத் தோன்றினாலும், களைப்படையவும் அழவும் உதவி கேட்கவும் அவளுக்குள்ள உரிமையைப் பறிக்கிறது. அக்காட்சி அந்த உரிமையைத் திருப்பித் தந்தது. நாயகியின் தோழியாக மட்டும் வந்து, சொந்த வீடோ காதலோ கவலையோ இன்றி மறைந்துபோகும் துணைப்பாத்திரங்களையும் கட்டுரையாளர் தம் கட்டுரையின் அடுத்த பகுதியில் அவசியம் ஆராய வேண்டும்.