ஒரு காட்சியைப் பல வருடம் சுமக்கும் இயக்குநர்

ஸ்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மோதோவார் என்றதும் சிவப்பு நிறம், காமம், மெலோடிராமா என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றும் உண்மைதான். ஆனால் அந்தப் படங்கள் நம்மை இந்த அளவுக்கு உலுக்குவதற்கு அவருடைய பிடிவாதம்தான் காரணம் என்பேன். ஒரு காட்சி அவர் மனதில் விழுந்துவிட்டால், அதற்கான முழுப் படம் கிடைக்கும்வரை விடமாட்டார். அதனால்தான் அவர் படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஜோடி ஜோடியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

'தி ஃப்ளவர் ஆஃப் மை சீக்ரெட்' (1995) படத்தில் தொடங்குங்கள். மகனுக்கு மூளைச்சாவு என்ற செய்தியை ஒரு தாயிடம் இரண்டு டாக்டர்கள் சொல்கிறார்கள், உறுப்பு தானம் பற்றிக் கேட்கிறார்கள். அது டாக்டர்களுக்கான பயிற்சி, அந்தத் தாய் நடிக்கும் ஒரு நர்ஸ் என்று பிறகுதான் தெரிகிறது. படம் அதை விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடும்.

4 வருடம் கழித்து, 'ஆல் அபவுட் மை மதர்' (1999). மீண்டும் அதே பயிற்சி வகுப்பு. நர்ஸ் மனுவேலா துக்கத்தில் இருக்கும் பெண்ணாக நடிக்கிறாள்; மகன் எஸ்தேபான் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறான். அவனுடைய 17ஆவது பிறந்தநாள் இரவில் கார் மோதுகிறது. இப்போது டாக்டர்கள் எதிரில் அவளே உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவர்கள் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவள் உடைந்துபோகிறாள். பயிற்சிக் காட்சியை வெறும் தகவல் என்று ஓட்டிவிட்டால், மருத்துவமனைக் காட்சி சாதாரண அழுகைக் காட்சியாகத்தான் தெரியும்.

அதே 1995 படத்தில் இன்னொரு விதையும் இருக்கிறது. நாயகி லியோ காதல் நாவல் எழுதுபவள். அவள் ஒரு கொலைக் கதையை எழுதிக் கொடுக்க, பதிப்பாளர் கொதித்துப்போகிறார்: தன்னிடம் தவறாக நடந்த அப்பாவை மகள் கொன்றுவிடுகிறாள், அம்மா உடலை உணவகத்தின் குளிர்சாதன அறையில் ஒளிக்கிறாள், இதையெல்லாம் யார் படிப்பார்கள்? 11 வருடம் கழித்து அந்தக் கதைதான் 'வோல்வேர்' (2006).

'வோல்வேரில்' அந்த உடலை ஒளிக்கும் அம்மாவாக நடிக்கும் பெனலோப் க்ரூஸின் கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். கொலைக்கு முன்பே, சிங்கில் அவர் ஒரு பெரிய கத்தியைக் கழுவுவதை கேமரா நேர் மேலிருந்து பார்க்கிறது. கொலைக்குப் பிறகு ரத்தத்தின் மேல் கிச்சன் பேப்பரை விரிக்கிறார். வெள்ளைத் தாளில் சிவப்பு ஊறி ஏறுகிறது. பிறகு மாப். பக்கத்து உணவகக்காரர் கதவைத் தட்டி, கழுத்தில் ரத்தம் இருக்கிறதே என்கிறார். "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒரே வரியில் பதில். உடல் ஃப்ரீசருக்குள் போகிறது; அதே உணவகத்தில் 30 பேர் கொண்ட சினிமாக் குழுவுக்கு அவர் சமைக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாங்கிவந்த பன்றிக்கறியையும் சாசேஜையும் கடனாக வாங்கிக்கொள்கிறார். எங்கேயும் நின்று அழ நேரமில்லை. வேலை ஓயும்போது, கார்லோஸ் கார்தெல்லின் பழைய டாங்கோ பாடல் வருகிறது. அதை ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய இசைப் பாணியில் பாடியிருப்பது எஸ்த்ரெய்யா மொரெந்தே, க்ரூஸ் வாயசைக்கிறார். இறந்துவிட்டதாக ஊரே நம்பும் அவருடைய அம்மா, வெளியே காருக்குள் ஒளிந்திருந்து கேட்டு அழுகிறாள். பாடலின் பெயரும் 'வோல்வேர்'தான்; 'திரும்புதல்' என்று பொருள். சில பிரதிகளில் பாடலுக்கு சப்டைட்டில் இருப்பதில்லை. அப்படியானால் வரிகளின் பொருளைத் தேடிப் படித்துவிட்டு இந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். இருபது வருடம் ஒன்றுமேயில்லை என்று அந்தப் பாட்டு சொல்வது தெரியாவிட்டால் காட்சியில் பாதி போய்விடும்.

மூன்றாவது, அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒன்று. காதலன் கைவிட்ட பெண் தொலைபேசியில் பேசும் பிரெஞ்சு எழுத்தாளர் ழான் கொக்தோவின் 1930ஆம் ஆண்டு நாடகம், 'தி ஹியூமன் வாய்ஸ்'. 'லா ஆஃப் டிசையர்' (1987) படத்தில் கார்மென் மௌரா அதை மேடையில் நடிக்கிறார், கையில் கோடாரி. அடுத்த வருடம் 'விமன் ஆன் தி வெர்ஜ் ஆஃப் எ நெர்வஸ் பிரேக்டவுன்' படத்தில் அதே மௌரா காதலனின் அழைப்புக்காகக் காத்திருக்கிறார். தொலைபேசி ஜன்னல் வழியே பறக்கிறது, கட்டில் பற்றி எரிகிறது. 2020இல் டில்டா ஸ்விண்டனை வைத்து அந்த நாடகத்தையே அரைமணி நேரப் படமாக எடுத்தார். கடைக்குப் போய் ஸ்விண்டன் வாங்குவது மறுபடியும் ஒரு கோடாரி! வீடு என்று நாம் நம்பியது ஸ்டூடியோ செட் என்பதைப் படம் மறைக்காமல் காட்டுகிறது; கடைசியில் ஸ்விண்டன் அதற்கே தீ வைக்கிறார்.

'டாக் டு ஹெர்' (2002) பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அதைத் தெய்வீகக் காதல் என்று எழுதுகிறவர்கள் படத்தையே பார்க்கவில்லை. நினைவின்றிக் கிடக்கும் பெண்ணுக்கு, அவளைப் பராமரிக்கும் நர்ஸ் பெனிக்னோ செய்வது வன்புணர்வு, படம் அவனைச் சிறைக்கு அனுப்புகிறது. அவனுடைய தனிமை நமக்குப் புரியும்படி எடுத்தது அல்மோதோவாரின் துணிச்சல். புரிந்துகொள்வதும் மன்னிப்பதும் வேறு வேறு.

'ப்ரோக்கன் எம்ப்ரேசஸ்' (2009) பார்க்கும்போது அலுவலகச் சுவரைக் கவனியுங்கள். அங்கே 'மாத்ரெஸ் பாராலெலாஸ்' (ஆங்கிலத்தில் 'பேரலல் மதர்ஸ்') என்று ஒரு பட போஸ்டர் இருக்கிறது. அப்போது அப்படி ஒரு படமே கிடையாது. 12 வருடம் கழித்து, 2021இல், அதே பெயரில் வந்தது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் கொன்று புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளை ஒரு கிராமத்துப் பெண்கள் குழியருகே நின்று பார்க்கும் படம் அது.