கசப்பைக் குடித்தால் மனமும் கசக்குமா?

“கசப்பான பானம் குடித்தால் அடுத்தவர் செய்யும் தவறைக் கடுமையாக எடைபோடுவோம், இது அறிவியல்பூர்வமாக நிரூபணமான விஷயம்” என்று ஒரு பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அப்படியே நம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. நிரூபணம் ஆகவில்லை.

2011இல் வந்த ஒரு சிறிய ஆய்வு அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் 2020இல் வெளியான கூட்டாய்வில், பல ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரும்பச் செய்து பார்த்தன. அந்த விளைவு உறுதிப்படவில்லை.

சரி, சுவைக்கும் உணர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. கசப்பை வாயில் வைத்ததும் மேலுதடு தூக்கிக்கொள்ளும், மூக்கோரம் சுருங்கும். பணத்தைப் பங்கிடும் விளையாட்டில் அநியாயமான பங்கை நீட்டும்போதும், அதைப் பெறுபவரின் முகத்தில் அதே தசைதான் இழுபடுகிறது என்று 2009இல் பதிவு செய்தார்கள். யாராவது நம்மை ஏமாற்றியதைச் சொல்லும்போது நம் முகம் போகும் போக்கைக் கவனித்தாலே புரியும். 2014இல் வந்த மூளை ஆய்வு ஒன்றும் இருக்கிறது. சுவைச் சொல் கலந்த உருவக வாக்கியங்களைப் படிக்கும்போது, அதே பொருள் தரும் நேர் வாக்கியங்களைவிட, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி கூடுதலாகத் தூண்டப்பட்டதாம்.

ஆக, ‘கசந்துபோன உறவு’, ‘புளித்துப்போன பேச்சு’ என்பதெல்லாம் வெறும் அலங்காரம் இல்லை. அதற்காக, குடிக்கும் பானம் நம் நியாய உணர்வையே மாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.