கேமராவை அணைத்தது மரியாதைக் குறைவாம்

ஞாயிற்றுக்கிழமை வீடியோக் கூட்டத்தில் நாங்கள் கேமராவை அணைத்ததை டொராண்டோவில் இருக்கும் அண்ணன் மரியாதைக் குறைவு என்றது உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஏழு பேர் கேமராவை அணைத்தது மரியாதை தெரியாமல் அல்ல. படத்தை நிறுத்தினால் குரலாவது போய்ச் சேரும் என்பதால்.

அதற்கு முந்தைய நாள், 2025 செப்டம்பர் 6 அன்று, ஜெட்டா அருகே செங்கடலில் இந்தியாவை ஐரோப்பாவோடு இணைக்கும் எஸ்எம்டபிள்யூ4, ஐஎம்இடபிள்யூஇ ஆகிய இரண்டு கடலடி இணைய கேபிள்கள் அறுந்தன. ஒரு பாலம் இடிந்தால் பஸ், லாரி எல்லாம் அடுத்த பாலத்தில்தான் ஏறும், நெரிசலும் அங்கேதான். இணையமும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அஷூர் என்ற தன் கிளவுட் சேவையில் தாமதம் இருக்கும் என்று அறிவித்தது. அவர்கள் சொன்னால் தொழில்நுட்பக் கோளாறு, திருநெல்வேலிக்காரன் சொன்னால் சாக்கு!

"இந்தியாவில்தான் டேட்டா தண்ணீர் பட்ட பாடாக இருக்கிறதே" என்று டொராண்டோ அண்ணன் சிரித்தார். தெருமுனைக் கோபுரம் வரை தாராளம்தான் அண்ணா. கடலைத் தாண்டுவதுதான் பாடு. 2022 இறுதியில் இத்தனை கோடி மக்களுக்கு 17 பன்னாட்டு கேபிள்கள். உள்ளங்கையளவு சிங்கப்பூருக்கு 26. நம் மும்பை கேபிள்களில் பெரும்பாலானவை வெர்சோவா கடற்கரையில் சில கிலோமீட்டருக்குள் கரையேறுகின்றன. அறுந்தால் தைக்க நம் கொடி பறக்கும் கப்பல் ஒன்றுகூட இல்லை என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் சுட்டிக்காட்டியது.

உன் வீட்டு மோடம் பழையது என்பீர்கள். பழையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஏழு வீட்டு மோடமும் ஒரே மாலையில் பழையதாகிவிட்டதா?

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. 2000ஆம் ஆண்டு, பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர். அப்போது வெளிநாட்டு இணைப்பு பெரும்பாலும் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் கையில். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பில் அதன் ஏகபோகம் 2002 வரை நீடித்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போயிருந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கட்டடப் படம் மேலிருந்து கீழாக, வெள்ளையடிப்பதைப் போல, பட்டை பட்டையாக இறங்கியது. கடைக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "படத்தை நிறுத்துங்க தம்பி, எழுத்து மட்டும் வரட்டும்" என்று பிரவுசரில் எதையோ மாற்றினார். எழுத்து வந்தது. கடைசிப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினேன். வெறும் வெள்ளைத் திரை. திரும்பவும் முதலிலிருந்து நிரப்பினேன். மறுபடி வெள்ளை. சட்டைப்பையில் பணம் தீர்ந்தது, நள்ளிரவோடு கெடுவும் தீர்ந்தது. காரணத்தை எழுதி அனுப்பியதற்கு ஒரே வரிப் பதில்: எல்லோருக்கும் ஒரே கால அவகாசம்தான் தரப்பட்டது.

எல்லோருக்கும் ஒரே அவகாசம். எவ்வளவு நியாயம் பாருங்கள்.

பழங்கதை பேசுகிறான், புலம்புகிறான் என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். இருபத்தைந்து வருடம் கழித்தும் நான் அதே அண்ணாச்சி சொன்னபடி படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பெயர் மரியாதைக் குறைவாம். எங்கள் முகத்தைப் பார்க்க அவ்வளவு ஆசையிருந்தால் ஊருக்கு வரும்போது ஒரு நடை வீட்டுக்கு வந்திருக்கலாமே. அண்ணன் மூன்று முறை வந்துபோனார், ஒரு போன் கூட இல்லை. சரி, அது வேறு கதை.

இன்னொன்று. அன்று அண்ணன் படமும் ஒருமுறை உறைந்தது, ஏதோ சொல்ல வாய் திறந்த நிலையில். மூன்று நிமிடம். ஒருவரும் வெளியேறாமல் காத்திருந்தோம்.