வந்த ரயிலைத் தொலைத்த ஊர்

போன வாரம் சென்னைக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றேன். இங்கிருந்து ஜோலார்பேட்டைக்குப் பஸ், அப்புறம்தான் ரயில். பக்கத்தில் நின்ற பெரியவர் சலித்துக்கொண்டார்: "நம்மூருக்கு ரயிலே வந்ததில்லப்பா, தலையெழுத்து."

வந்ததுங்க ஐயா என்றேன். அவர் நம்பவில்லை.

1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடியது. சுமார் 25 மைல். அடுத்த வருஷம் மொரப்பூர் - தருமபுரி பாதை வந்தது. 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். வெள்ளைக்காரன் லாபம் பார்த்துப் போட்ட பாதைகள் இல்லை இவை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் ஜில்லா செத்துச் சுண்ணாம்பானது. இனியொரு பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று போட்ட பஞ்சத் தடுப்புப் பாதைகள்.

ஆனால் சிக்கனம் பார்த்து இரண்டரை அடி அகலத்தில் போட்டார்கள். திருப்பத்தூரில் மெயின் லைனோ ஐந்தரை அடி. இங்கே ஏற்றிய புளி மூட்டையை அங்கே இறக்கி, வேறு வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு தடவை ஏற்றுகூலி. ரோட்டில் லாரி வந்த பிறகு எந்த வியாபாரி இதற்கு மெனக்கெடுவான்? 1936-ல் கிருஷ்ணகிரிப் பாதையை நஷ்டம் என்று மூடிவிட்டார்கள். ஓசூர் பாதையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போய்விட்டது.

தருமபுரிக்கும் ஓசூருக்கும் பிற்பாடு சேலம் - பெங்களூர் பாதை கிடைத்தது. அது ராயக்கோட்டை வழியாக நம்மை ஒதுக்கிவிட்டுப் போகிறது. நம் மாவட்டத்துச் சின்ன ஊரான சாமல்பட்டியில்கூட ஸ்டேஷன் இருக்கிறது, மாவட்டத் தலைநகரில் இல்லை! தருமபுரிக்காரர்களுக்கும் முழுக்கச் சிரிக்க முடியாது: 1906-ல் ரயில் ஓடிய மொரப்பூர் - தருமபுரிக்கு 2019-ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள், 36 கிலோமீட்டருக்கு.

எனக்குக் கோபம் அந்த 'நஷ்டம்' என்ற சொல்லின் மேல்தான். கிருஷ்ணகிரி வழியாக ஜோலார்பேட்டை - ஓசூர் புதுப் பாதை கேட்கும்போதெல்லாம் கட்டுப்படியாகுமா என்ற கணக்குதான் முன்னால் வருகிறது. அன்றைக்குத் தோற்றது பாதையின் அகலம், ஊர் இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் பயணிகளை மட்டும் எண்ணிவிட்டுப் போக வேண்டாம். மாங்காய் சீசனில், ஜூன் மாதம் வாருங்கள். மாங்கூழ் ஆலை வாசலில் ஒரு நாள் நின்று லாரிகளை எண்ணுங்கள்.