தொட்டாற்சுருங்கி சுருங்காவிட்டால் கிணற்றில் நஞ்சா?

யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: வளவிலுள்ள தொட்டாற்சுருங்கி பலமுறை தொட்டபின் சுருங்காவிட்டால் கிணற்று நீரில் நஞ்சு கலந்துவிட்டதாம். பிழை.

தீங்கில்லாத தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் அச்செடி அதைப் பொருட்படுத்தாது. சூழலியலாளர் மோனிக்கா காலியானோ குழுவினர் 2014இல் ‘ஈக்கொலோஜியா’ ஆய்விதழில் இதை வெளியிட்டனர், தேடிப் பார்க்கலாம். சட்டியோடு 15 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழுத்தியபோது இலைகள் முதலில் மூடின, பிறகு விரிந்தே இருந்தன. களைப்பா? இல்லை, விழுத்தாமல் வேறுவிதமாக உலுக்கியதும் மூடிக்கொண்டன. (இதைக் ‘கற்றல்’ எனலாமா என்ற இழுபறி அறிஞர்களிடையே உண்டு.)

நமது சுண்ணக்கல் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கலப்பது உண்மைதான். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, செடியும் காட்டிக்கொடுக்காது. நீர் மாதிரியை ஆய்வுகூடத்தில் கொடுங்கள், அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.