ஓ.எம்.ஆரில் வீட்டு விலை ஏறிவிட்டதாமே!

ஞாயிற்றுக்கிழமை நாளிதழைத் திறந்தால் முழுப்பக்க விளம்பரம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓ.எம்.ஆரில், வீட்டுச் சந்தை மீண்டுவிட்டதாம். இப்போது வாங்காதவன் பிறகு வருந்துவானாம். பத்திரப்பதிவுத் துறையும் தன் பங்குக்கு, ஒரே நாளில் 200 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் என்று முகூர்த்த நாள் முடிந்ததும் அறிக்கை விடுகிறது. அதே சாலையில் செம்மஞ்சேரிப் பக்கம் 2013-இல் வாங்கிய இரண்டு படுக்கையறை வீட்டை எட்டு மாதமாக விற்க அலைந்துகொண்டிருப்பவன் நான். சந்தை மீண்ட செய்தி என் வீட்டு வாசலுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பதிவு வருவாயையே முதலில் எடுத்துக்கொள்வோம். பதிவுக்காக நிலத்துக்கு அரசு குறிக்கும் மதிப்புக்கு வழிகாட்டி மதிப்பு என்று பெயர். 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை இரண்டாக்கினார்கள். முத்திரைத் தீர்வை ஏழு சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள். வழிகாட்டி மதிப்புக்கே பதிகிற ஒரு மனையின் பழைய மதிப்பு 100 ரூபாய் என்று வையுங்கள். குறைத்திருந்தபோது 67 ரூபாய் மேல் 11 சதவீதம், அதாவது ஏழு ரூபாய் சொச்சம். ஏற்றிய பிறகு 100 ரூபாய் மேல் 9 சதவீதம், ஒன்பது ரூபாய். ஒரு மனைகூட அதிகமாக விற்காமலே கஜானாவுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வரவு. அந்தக் கோடிகளில் தென்காசி வயலும் தருமபுரி மனையும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையும் சேர்த்திதான். இதை வைத்து ஓ.எம்.ஆர். எழுந்து நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

விழுந்தது ஒரே நாளில் அல்ல. 2014-இல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 உயிர்கள் போயின. அடுக்குமாடி என்றாலே பயந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் வெள்ளம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் பணமதிப்பிழப்பு. மறு ஆண்டு ஜி.எஸ்.டி.யும், கட்டுநர்களுக்குக் கடிவாளம் போடும் ரெரா சட்டமும். 2019 கோடையில் ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. பிறகு கொரோனா வந்து, ஐ.டி. பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடிக்குப் போய், எதிரே நிற்கும் பதினான்கு மாடிக் கட்டடத்தில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணுவேன். மொத்தம் 112 வீடுகள். 2018-இல் ஓர் இரவு 19 எரிந்தன. 2020-இல் அதுவும் 11 ஆனது. போன வாரம் எண்ணினேன்: 83. இதுதான் மீட்சி என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சில மாதங்கள் அப்படித்தான் நம்பினேன். பிறகு காவலாளியிடம் விசாரித்தேன். பாதிக்கு மேல் வாடகைக்காரர்கள். ஒரு வீட்டை நான்கு பிள்ளைகள் சேர்ந்து எடுத்து, வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அலுவலகங்கள் திரும்ப அழைத்ததும் வந்தவர்கள். நாளைக்கே வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்றால் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

வாடகை ஏறியது உண்மை, அதை மறுக்கவில்லை. கொரோனாவின்போது 11,000 ரூபாய்க்கு ஆள் கிடைக்காமல் தவித்த எங்கள் வளாகத்தில் இன்று 24,000 கொடுக்கிறார்கள். வாங்கும் விலைதான் அதோடு சேர்ந்து நகரவில்லை. பதிவு, கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து எனக்கு 50 லட்சம் ஆனது. இதுவரை வந்த நல்ல விலை 62 லட்சம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 12 லட்சம். வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். (குடியிருந்தாயே, வாடகை மிச்சமாகவில்லையா என்று என் மைத்துனர் கேட்பார். ஆயிற்று. கடனுக்கு நான் கட்டிய வட்டியை அவரிடம் சொன்னதில்லை.)

அப்படியானால் தெருமுனைப் பலகையில் சதுர அடி 8,200 என்று போட்டிருக்கிறதே? அது புதுக் கட்டடத்தின் விலை. சரிவில் சின்னக் கட்டுநர்கள் பலர் கடையைச் சாத்திவிட்டார்கள். எட்டு வீடுகளுக்கு மேல் கட்டினால் ரெராவில் பதிய வேண்டும், வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றானதும், ஒருவர் பணத்தில் அடுத்தவர் கட்டடத்தைத் தூக்கிய வித்தை செல்லவில்லை. பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களும் பல ஆண்டுகள் புதிதாகக் கட்டாமல் கையிருப்பைத் தள்ளினார்கள். விற்காத வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது என்று பெருமைப்படுகிறார்களே, கட்டியதே குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அந்த 8,200-க்குள் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் வருகின்றன. நிலத்தில் பங்கு 320 சதுர அடிதான். என் பழைய வீட்டுக்கு 520 இருக்கிறது. தரகரிடம் இதைச் சொன்னால், "சார், பார்ட்டி நிலத்தையா பார்க்கிறது, லாபியைத்தான் பார்க்கிறது" என்கிறார்.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வடக்கே போனால் பெருங்குடி, தெற்கே போனால் நாவலூர் என்று இரு பக்கமும் சுங்கம் கட்டிய காலம் போய்விட்டது. முன்னது 2021-இலும் பின்னது 2023-இலும் நின்றன. சிறுசேரி வரை மெட்ரோ வரப்போகிறது. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் ரெப்போ வட்டியை 2025-இல் 6.5 சதவீதத்திலிருந்து 5.25 வரை இறக்கியது. இத்தனை தாயம் விழுந்தும் பழைய வீடு கைமாற மாதக்கணக்கில் ஆகிறதென்றால், ஏறியது பலகை விலை மட்டும்தான் என்றே நினைக்கிறேன். என்னைப் போன்ற ஒருவன் போட்ட காசுக்கு நியாயமான விலையில், மூன்று மாதத்துக்குள் விற்றுவிட்டு வெளியேற முடிந்தால் அன்றைக்குச் சந்தை மீண்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் ஓர் இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். கூடவே பெண்ணின் தகப்பனார், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை பால்கனியில் காற்று வாங்கிக்கொண்டிருக்க, அவர் சமையலறைக் குழாயின் முனையில் படிந்திருந்த வெள்ளை உப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தண்ணீர் லாரியா, போர்வெல்லா?" என்றார். இரண்டும் என்றேன். பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். தூண்களெல்லாம் புது வெள்ளையில் பளபளத்தன. 2015-இன் தண்ணீர்க் கோட்டைச் சங்கம் மூன்று முறை பூசி மறைத்திருந்தது. அவர் தூணைப் பார்க்கவே இல்லை. சுவரில் அண்ணாந்து பார்த்து, "மீட்டர் பெட்டியை ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எப்படி என்றார். முழங்கால் வரை என்றேன். காபி குடித்துவிட்டுப் போனார்கள். தொலைபேசி வரவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 2013-இல் அப்படி ஒரு பெரியவரை நானும் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

வரும் ஞாயிறு இன்னொரு குடும்பம் வருகிறதாம். குழாயைச் சுத்தம் செய்துவிடு என்கிறார் தரகர். செய்கிறேன். மீட்டர் பெட்டியைப் பற்றி மட்டும் இம்முறை நானே முதலில் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.