ரயில் நேரத்துக்கு வந்ததை யார் எழுதினார்?

அந்தக் கல்லூரி விழாக் காணொளியை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம், இரண்டு முறை முழுதாகப் பார்த்துவிட்டேன். "எமர்ஜென்சியில் ரயில்கள் நேரத்துக்கு ஓடின, அரசு ஊழியர் பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தார், விலைவாசி இறங்கியது, இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை" என்று பேச்சாளர் முடித்ததும் அரங்கில் எழுந்த கைதட்டல்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அவர்மீது எனக்கு மரியாதை உண்டு, அது இன்றும் குறையவில்லை. ஆனால் நேர்மை என்ற சொல்லை அவர் எடுக்காமல் இருந்திருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ரயில் நேரத்துக்கு வந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்? 1975 ஜூன் 25 இரவு, டெல்லியில் நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர்ஷா ஜாஃபர் சாலையில் மின்சாரத்தை நிறுத்தித்தான் இந்திரா காந்தியின் எமர்ஜென்சி ஆட்சி தொடங்கியது. அடுத்த 21 மாதங்களில் பெரும்பகுதி, எது அச்சாகலாம் என்பதைத் தணிக்கை அதிகாரியின் மேசை தீர்மானித்தது. வண்டி தாமதமாக வந்தது என்று எழுத முடியாத காலத்தில் வெளியான "வண்டி நேரத்துக்கு வந்தது" என்ற செய்தியை ஆதாரமாக எடுத்துக்கொண்டு வருவதை ஆய்வு என்றா சொல்வது? குற்றம் சாட்டப்பட்டவரே தன் நன்னடத்தைச் சான்றிதழை எழுதி, தானே முத்திரையும் குத்திக்கொண்டதை வேறு எந்த வழக்கிலாவது நாம் ஏற்போமா? இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினிக்கும் இதே ரயில் சான்றிதழ்தான் வழங்கப்பட்டது என்பதைப் பேச்சாளர் அறியாதவர் அல்லர்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. என் தாத்தா மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டர், அதாவது எழுத்துக் கோப்பவர். அங்கே ஒரு வாரப் பத்திரிகையும் அச்சானது. புரூஃப் தாள்கள் தணிக்கைக்குப் போய், சிவப்புப் பென்சில் கோடுகளோடு திரும்பி வரும். வெட்டிய இடத்தை வெற்றாக விடவும் கூடாது, ஏனென்றால் வெற்றிடமே எதிர்ப்பாகிவிடும். ஆறு வரி போனால் ஆறு வரி வேண்டும். கோத்த ஈய எழுத்துகளைப் பிரித்து மறுபடி அறை அறையாகப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மிளகு ரசம் வைக்கும் முறையையோ, நகம் வெட்டுவதற்கு உகந்த நாளையோ கோத்து நிரப்புவாராம். ஒருமுறை பாசஞ்சர் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று ஒரு வாசகர் எழுதிய நாலு வரிக் கடிதம் அடிபட்டது. "ரயில் நேரத்துக்கு வந்துச்சுன்னு கோத்ததும் நான்தான், வரலைன்னு கோத்ததைப் பிரிச்சதும் நான்தான்" என்று அவர் சொல்லும்போது சிரிப்பார். எனக்கு அப்போதும் சிரிப்பு வந்ததில்லை.

அந்தத் தீபாவளிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். தாத்தா ஏற்கெனவே கடனுக்கு ஜவுளி எடுத்துவிட்டிருந்தார். பாதியாக வந்த பணத்தை எதற்கு எவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தது ஒரு புரூஃப் தாளின் பின்பக்கத்தில்தான் என்று அம்மா சொல்வார். வேலைநிறுத்தம் செய்யலாமே என்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் ரயில்வே தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தை எப்படி நசுக்கினார்கள் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள், அதுவும் எமர்ஜென்சி வருவதற்கு முன்பே. தொழிலாளி வாய் திறக்காததற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தவர்கள் யாரும் பாதி போனஸில் தீபாவளி கொண்டாடியவர்கள் அல்லர்.

விலைவாசிக்கு வருகிறேன், சுருக்கமாக. பணவீக்கம் உச்சத்தைத் தொட்டது 1974 செப்டம்பர் வாக்கில். அதன்பிறகு அது இறங்கத் தொடங்கியது, எமர்ஜென்சிக்கு மாதக்கணக்கில் முன்பாகவே. 1975இல் மழையும் நன்றாகப் பெய்தது. பருவமழையையும் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் மிசாச் சட்டத்தில்தான் கைது செய்து கொண்டுவந்தார்கள் என்று யாராவது நிரூபித்தால் நான் இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.

"அங்கன்வாடி வந்ததே, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே" என்று இந்நேரம் சிலர் தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். உண்மை, மறுக்கவில்லை. அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இரண்டும் நல்லவை. குழந்தைக்குச் சத்துணவு கொடுக்க எந்தப் பத்திரிகை ஆசிரியரைச் சிறையில் அடைக்க வேண்டியிருந்தது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். மக்களவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம் வைத்திருந்த ஒரு கட்சி, எமர்ஜென்சி இல்லாமலே நிறைவேற்றியிருக்கக் கூடியவை அவை.

சரி, நிலைத்த பயன் என்று கேட்பீர்கள் அல்லவா, நிலைத்தவற்றையே பேசுவோம். 1976இல் அரசியல் சட்டத்தின் 42வது திருத்தத்தின் மூலம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது நடந்தது அது. பிறகு வந்த 44வது திருத்தம் பலவற்றைச் சரிசெய்தது, கல்வி மட்டும் திரும்பவில்லை. நுழைவுத் தேர்வைப் பற்றி நாம் இன்று யாரிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறோம் என்பதை அரங்கில் கைதட்டிய மாணவர்கள் யோசித்திருக்கலாம். அடுத்தது கருத்தடை. 1976–77இல் மட்டும் 81 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்ததாக, எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் பதிவு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்கு, இலக்கு நிரப்புவதற்காக, பல இடங்களில் கட்டாயத்தின் பேரில். அந்த அச்சத்துக்குப் பிறகு அரசுகள் ஆண்களிடம் போய்க் கேட்கத் தயங்கின. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். அந்த 21 மாதங்கள் விட்டுச் சென்ற சுமையை இன்றுவரை சுமப்பது நம் வீட்டுப் பெண்களின் உடல்.

இங்கே ஒரு கூர்மையான நண்பர் வருவார் என்று எனக்குத் தெரியும். மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் உறைய வைத்ததும் இதே 42வது திருத்தம்தானே, தொகுதி மறுவரையறை என்றதும் இடங்கள் குறையாமலிருக்கத் தமிழ்நாடு அந்தக் கேடயத்தைத்தானே தூக்குகிறது என்பார். ஆம், தூக்குகிறது. இது எனக்குச் சங்கடமான கேள்விதான். ஆனால் அந்த உறைநிலை 2001உடன் முடிந்திருக்க வேண்டியது. அதை மேலும் கால் நூற்றாண்டு நீட்டியது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவை விவாதித்து நிறைவேற்றிய 84வது திருத்தம். இந்தப் பதில் முழுமையானதா என்று கேட்டால், எனக்கு இது போதும்.

"இந்திராவே தேர்தல் வைத்தாரே, தோற்றதும் இறங்கினாரே, அவரைப் போய்ச் சர்வாதிகாரி என்கிறீர்களே" என்பது இன்னொன்று. பூட்டிய கதவைத் திறந்துவிட்டதற்காகப் பூட்டியவருக்கு நன்றி சொல்லும் பெருந்தன்மை எனக்கு இல்லை. விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எச்.ஆர். கன்னா, ஒரு காவலர் சட்டவிரோதமாக ஒருவரின் உயிரைப் பறித்தாலும் பரிகாரம் இல்லையா என்று கேட்டார். எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்பதே அரசுத் தலைமை வழக்கறிஞரின் வாதம். 1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பில் மாறுபட்டு நின்றவர் கன்னா ஒருவர் மட்டுமே. தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போனது. கோழிக்கோட்டுப் பொறியியல் மாணவர் ராஜனை விடுதியிலிருந்து பிடித்துப் போனார்கள். அவருடைய தந்தைக்கு மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறைக் கொடுமைகளை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அமைந்தது. இவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ரயில் அட்டவணையைச் சொல்ல எப்படி வாய் வருகிறது? தராசின் ஒரு தட்டில் எதை வைக்கிறோம் என்ற கூச்சம்கூட வேண்டாமா?

கோபம் கூடிவிட்டது, தெரிகிறது. திருத்தப் போவதில்லை.

கடைசியாக, பின்னூட்டத்தில் யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம் என்பதற்காக இதையும் நானே எழுதிவிடுகிறேன். 1977 மார்ச்சில் வட இந்தியா இந்திராவைத் துடைத்தெறிந்தபோது, தமிழ்நாட்டின் 39 இடங்களில் 34ஐ அதிமுக–காங்கிரஸ் அணிக்குக் கொடுத்தோம். தாத்தா எம்.ஜி.ஆர். ரசிகர். மதுரையில் அந்தக் காலத்தில் அவர் வேறு எதுவாக இருந்திருக்க முடியும்? ஆறு வரிக்கு ஆறு வரி ரசம் கோத்த அதே கையால் அந்த அணிக்கே குத்திவிட்டு வந்தார். ஏன் தாத்தா என்று கல்லூரி நாட்களில் மூன்று நான்கு முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து, காம்பு கிள்ளத் தொடங்கிவிடுவார்.